நிலைக்கு மேலே தொங்கிய படம்

வீட்டுக்கு வழிவழியாக வந்து சேரும் படங்களைக் கெடுப்பவற்றுள் கரையானும் மழைக்கால ஈரமும் விளக்குப் புகையும் தம் வரவைத் தாமே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. வெயிலோ, படத்தின் மீது விழும் அந்தச் சிறிது நேரத்தில் அதனை வேறெப்பொழுதும் இல்லாத அழகோடு காட்டிக்கொண்டே அதன் நிறத்தைக் கொண்டுபோகிறது. மாலை வெயில் பட்ட படத்தை வீட்டார் நின்று பார்த்து மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சிக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது, படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றும் நாள் வரை, பெரும்பாலும் எட்டுப் பத்து ஆண்டுகள் வரை, தெரிவதில்லை. இக்கட்டுரைக்கு அடிப்படையாக அமைவது, கட்டுரையாளரின் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக இருந்துவரும் இலக்குமியின் வண்ண அச்சுப்படம் ஒன்றும், அது காவிரிக்கரை ஊரொன்றின் ஓட்டு வீட்டிலிருந்து நகரத்து அடுக்கக வீட்டுக்கு இடம் மாறிய பின் ஒன்பது ஆண்டுகளில் அடைந்த மாற்றமும், அம்மாற்றத்தின் காரணத்தைத் தேடியபோது தெரியவந்தவையும் ஆகும்.

தமிழ் வீடுகளில் இவ்வாறு வந்து சேர்பவை பல வகையின. பலகையின் மீது துணி ஒட்டி, சுண்ணத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்த மக்கினால் மேடு எழுப்பித் தங்கரேக்கு பதித்த தஞ்சாவூர்ப் படங்களும், கோவில்பட்டி சி. கொண்டைய ராஜுவின் (1898–1976) ஓவியங்களைக் கொண்டு அச்சான நாட்காட்டிப் படங்களும், முன்னோரின் நிழற்படங்களும் அவற்றுள் அடங்கும். இங்கே பேசப்படும் படம் வண்ணக் கல்லச்சு வகையைச் சேர்ந்தது. கல்லச்சு என்பது, வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல் பலகையின் மீது கொழுப்புத் தன்மையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, ஈரம் நின்ற இடத்தில் அச்சுமை ஒட்டாமலும் வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டியும் நிற்கும் இயல்பைக் கொண்டு தாளில் பதிக்கும் முறையாகும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும் என்பதால், ஒரே படம் பல முறை அச்சுக்குள் சென்று வந்தது. ஓவியர் இரவிவர்மா (1848–1906) ஜெர்மனியிலிருந்து எந்திரங்களை வரவழைத்து 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் இம்முறையில்தான் உருவாகி, அதுவரை பெரும்பாலும் கோயிலிலும் அரண்மனையிலும் காணக்கிடைத்த தெய்வ உருவங்களை நடுத்தரக் குடும்பத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தன. எண்ணெய் வண்ண ஓவியத்தைப் போன்ற தோற்றத்துக்காக இவற்றுள் சிலவற்றின் மீது மெருகெண்ணெயும் பூசப்பட்டது. தோற்றம் எதுவாயினும், தாளின் மீது நிற்பது மிக மெல்லிய மைப் படலமே என்பதும், ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு மையாதலால் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஆயுள் உண்டு என்பதும் இங்கு நினைவில் நிறுத்தத்தக்கன.

நிறத்துக்கு ஆயுள் உண்டு என்பதைத் தமிழ் வீட்டார்க்கு விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வேட்டியில் பட்ட மஞ்சள் கறை சோப்புக்கு அசையாமல் இருந்துவிட்டு, கொடியில் வெயிலில் காய்ந்ததும் தானே மறைந்துபோவதையும், அதே வெயிலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் கோயில் மதிலின் காவிப்பட்டை வெளுக்காமல் இருப்பதையும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மஞ்சளின் நிறம் தாவரத்திலிருந்து வரும் கரிமச் சேர்மம், அதாவது கரியணுக்களை அடிப்படையாகக் கொண்ட மூலக்கூறு. ஒளி அதனை உடைத்துவிடுகிறது. காவியோ இரும்பின் துரு கலந்த மண். ஒளியால் அதனை எதுவும் செய்ய இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சு மைகளில் கருப்புக்குப் பயன்பட்ட புகைக்கரி காவியின் பக்கம் நிற்க, ரோஜா நிறத்துக்கும் ஒளிமிக்க சிவப்புக்கும் பயன்பட்ட சாயங்களுள் பல மஞ்சளின் பக்கம் நின்றன. வான்கோ 1888இல் தீட்டிய தம் படுக்கையறை ஓவியத்தில் சுவர் ஊதா நிறமாக இருந்து, அதிலிருந்த சிவப்புச் சாயம் மட்டும் வெளுத்து, இன்று நீலமாகத் தெரிவது இவ்வினத்தைச் சேர்ந்த மாற்றமே. தேநீர்க்கடைச் சுவரில் வெயில் படும்படி விட்டுவைத்த பழைய நாட்காட்டியில் முருகனும் வள்ளியும் மயிலும் எல்லோருமாக நீலம் பாரித்து நிற்பதற்கும் காரணம் அதுவே: சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விட, நீலமும் கருப்பும் எஞ்சுகின்றன.

1888இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்னும் அறிவியலாளர் இருவர் நீர்வண்ணங்களின் மீது ஒளியின் விளைவை ஆராய்ந்து அளித்த அறிக்கை, காற்றும் ஈரமும் அகற்றப்பட்ட குழாய்க்குள் வைத்தபோது வெளியில் வெளுத்த பல நிறங்கள் வெளுக்காமல் நின்றன என்பதைக் காட்டியது. ஆகவே ஒளி தனித்துச் செயல்படுவதில்லை. காற்றில் உள்ள உயிர்வளியும் ஈரமும் அதற்குத் துணைபோகின்றன. கடற்கரை நகரங்களில் வாழ்வோர் இதனைக் கூடுதல் கவலையோடு எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஒளியின் அளவைக் குறிக்க லக்ஸ் என்னும் அலகு வழங்குகிறது. ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தொலைவில் உள்ள பரப்பின் மீது வீசும் வெளிச்சம் ஏறத்தாழ ஒரு லக்ஸ் ஆகும். தாளில் அமைந்த படங்களுக்கும் துணிகளுக்கும் அருங்காட்சியகங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்துவரும் உச்சவரம்பு 50 லக்ஸ். நண்பகல் வெயிலின் நேர் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். நிறத்தைப் பொறுத்தவரை கணக்கில் வருவது ஒளியின் அளவும் நேரமும் பெருக்கி வரும் மொத்தமே என்பதால், நாளொன்றுக்கு 8 மணி நேரமாக ஆண்டுக்கு 250 நாள் 50 லக்ஸில் காட்சிக்கு வைத்த படம் ஓராண்டில் வாங்கும் ஒரு லட்சம் லக்ஸ்-மணி ஒளியை, நேர் வெயிலில் வைத்த படம் ஒரே மணி நேரத்தில் வாங்கிவிடுகிறது. படத்தைத் துடைத்து உலர்த்துவதாக எண்ணிக்கொண்டு பொங்கலுக்கு முன் முற்றத்து வெயிலில் சாய்த்துவைக்கும் நல்லெண்ணத்தால் எவ்வளவு பெரிய இழப்பு நேர்கிறது என்பதை இக்கணக்கு ஒன்றே காட்டும்.

இனி இடத்துக்கு வருவோம். பழைய ஓட்டு வீட்டில் இப்படம் கூடத்துச் சுவரில், கதவின் நிலைக்கு மேலே, ஏறத்தாழ எட்டடி உயரத்தில், அடிப்பக்கம் ஒரு கட்டையின் மீது நிற்க, மேற்பக்கம் கயிற்றில் முன்புறமாகச் சாய்ந்து தொங்கியது. அவ்வளவு உயரத்தில் ஏன் மாட்டினார்கள் என்ற கேள்விக்கு, தெய்வப்படம் தலைக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விடையே குடும்பத்தில் சொல்லப்பட்டுவந்தது. அவ்விடை போதுமானதாகவும் இருந்தது. அடுக்ககத்துக்குக் குடிவந்தபோது, பார்வைக்கு இதமாக இருக்கும் என்று, படம் கண் மட்டத்துக்கு இறக்கப்பட்டு, மேற்குச் சன்னலுக்கு எதிரே, சுவரோடு ஒட்டி நேராக மாட்டப்பட்டது. வெயில் இப்படத்தை அடைந்த வழி இந்த இறக்கத்தில்தான் திறந்தது.

இதனை விளக்கச் சிறிது வடிவகணிதம் வேண்டும். தொடுவானத்துக்கு மேலே இருக்கும் கதிரவனின் கதிர் சன்னல் வழியாக உள்ளே வரும்போது கீழ்நோக்கியே இறங்குகிறது. எனவே சன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ அதற்கு மேலே எதிர்ச்சுவரில் நேர் வெயில் ஒருபோதும் ஏற முடியாது. ஏழடி உயரச் சன்னலுக்கு எதிரே எட்டடியில் தொங்கும் படத்தை மேற்கு வெயில் எந்த மாதத்திலும் தொடாது. அப்படத்தையே நாலரை அடிக்கும் ஆறரை அடிக்கும் இடையே இறக்கி, சன்னலுக்கு 14 அடி எதிரே மாட்டினால், கதிரவன் 10 பாகை உயரத்துக்கு இறங்கும்போது, அதாவது மறைவதற்கு ஏறத்தாழ 40 நிமிடம் முன்பு, வெயில் கட்டத்தின் மேல் விளிம்பு படத்தின் அடியைத் தொட்டு, பொழுது சாயச் சாய மேலேறி, முகம் வரை வந்துவிடுகிறது. மாலையில் வெயில் கட்டம் சுவரில் இறங்காமல் ஏறுகிறது என்ற எளிய செய்தி, அதனை உட்கார்ந்து பார்த்த பின்பே மனத்தில் பதிகிறது. முன்சாய்வுக்கும் இதுபோன்ற பயன்கள் உண்டு: சாய்ந்த கண்ணாடி எதிர்ச்சன்னலைக் காட்டாமல் தரையைக் காட்டுவதால் படம் கண்கூசாமல் தெரிகிறது, படத்தின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே காற்று போய்வர வழி கிடைப்பதால் மழைக்காலச் சுவர் ஈரம் தாளுக்கு ஏறுவதில்லை. பக்தியாகச் சொல்லப்பட்ட பழக்கத்துக்குள் இவ்வளவு பாதுகாப்பு இருந்தது என்பதை உணர, அப்பழக்கத்தைக் கைவிட்டு ஒன்பது ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

உயரத்தைப் போலவே பருவமும் ஏமாற்றவல்லது. குடிவந்தது ஆனி மாதத்தில். அப்போது கதிரவன் நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி மறைவதால், வெயில் கட்டம் படத்துக்குத் தெற்கே ஆறடி தள்ளி வெறுஞ்சுவரில் விழுந்தது. படத்துக்கு வெயில் இல்லை என்று வீட்டார் நிம்மதியடைந்தனர். மார்கழியில் கதிரவன் அதே அளவு தெற்கே தள்ளி மறைய, கட்டம் வடக்கே ஆறடி போய்விட்டது. ஆண்டு முழுதும் பன்னிரண்டடி அகலத்தில் ஊசலாடும் அந்த வெயில் கட்டம் நடுவழியில் இருக்கும் படத்தை இரு முறை கடந்தாக வேண்டும்: மாசி முதல் வாரம் தொடங்கிச் சித்திரை முதல் வாரம் வரை ஒரு முறை, ஆவணி முதல் வாரம் தொடங்கி ஐப்பசி முதல் வாரம் வரை மறுமுறை. ஆகவே ஒரு வீட்டில் படத்துக்கு இடம் தேடுவோர் ஒரு நாள் பார்த்து முடிவு செய்வது தவறு. மாதம் ஒரு நாள், வெயில் கட்டத்தின் விளிம்பைச் சுவரில் பென்சிலால் மெல்லக் குறித்துத் தேதியிட்டுவந்தால், மார்கழியிலிருந்து ஆனி வரையிலான ஆறு மாதத்தில் அச்சுவரின் முழு வெயில் வரைபடமும் கிடைத்துவிடும். வடக்குச் சன்னலின் வெளிச்சம் தீங்கற்றது என்று மேலைநாட்டு நூல்கள் கூறுவதையும் இங்கே அப்படியே ஏற்கலாகாது. தஞ்சாவூர்ப் பகுதியில் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் கதிரவனே தலைக்கு வடக்கே நிற்கிறது. காலையிலும் மாலையிலும் சரிந்த வெயில் வடக்குச் சன்னல் வழியாகவே உள்ளே நுழைகிறது.

இவ்வளவும் கண்டறிந்த பின், மாலையில் திரை போட்டால் போதும் என்று கருதப்பட்டது. கைப்பேசியின் ஒளியளவுச் செயலியைக் கொண்டு அளந்து பார்த்தபோதுதான் அக்கருத்து எவ்வளவு குறைபட்டது என்பது தெரிந்தது. இச்செயலிகளின் அளவு துல்லியமானதன்று. ஆயினும் ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிட அது போதும். அந்தி வெயில் தணிந்தது. அதனைப் பத்தாயிரம் லக்ஸ் என்று கொண்டு, மேகமற்ற மாலைகள் ஆண்டுக்கு 80 என்றும், ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் என்றும் கணக்கிட்டால், ஆண்டுக்கு இரண்டே முக்கால் லட்சம் லக்ஸ்-மணிக்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. வெயில் நேராக விழாத பகல் நேரத்தில் அதே இடத்தில் இருந்த வெறும் வெளிச்சமோ சராசரியாக 300 லக்ஸ். நாளொன்றுக்கு 10 மணி நேரமாக 365 நாளுக்கு அது பதினொரு லட்சத்தை நெருங்குகிறது. கண்ணைப் பறித்த மாலை வெயிலைவிட, யாரும் பொருட்படுத்தாத பகல் வெளிச்சமே நான்கு மடங்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், அப்படம் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அருங்காட்சியகத்தில் பதின்மூன்று ஆண்டு வாங்கும் ஒளியை வாங்கிவந்தது. இன்னும் இடிக்கப்படாமல் இருக்கும் பழைய வீட்டின் அதே ஆணியருகே, ஓட்டுச் சாய்வின் அடியில், நண்பகலில் அளந்தபோது 70 லக்ஸைத் தாண்டவில்லை. பெரிய கண்ணாடிச் சன்னல்களோடு கட்டப்படும் இன்றைய வீடுகள் மனிதருக்கு நல்லவை, தாளுக்கு அல்ல.

நிழலைப் பற்றிச் சொல்ல வேண்டியது இங்கேதான் வருகிறது. நிழல் இருவகைப்படும். சன்னல் கம்பிகளின் நிழலும் வெளியே நிற்கும் வேப்பமரத்து இலைகளின் நிழலும் கதிரவனோடு நகர்பவை. அவை படத்தின் மீது அடையாளம் எதையும் விட்டுச்செல்வதில்லை. படத்தோடு ஒட்டி அசையாமல் நிற்கும் நிழல் அப்படியன்று. வெள்ளிக்கிழமைதோறும் கட்டுரையாளரின் அத்தை, கண்ணாடியின் மீது இலக்குமியின் நெற்றியிலும் பாதத்திலும் நான்கு மூலைகளிலும், முந்தைய பொட்டின் தடத்தின் மேலேயே, சந்தனமும் குங்குமமும் வைத்துவந்தார். பழைய வழக்கப்படி படம் கண்ணாடியோடு இடைவெளியின்றிச் சட்டமிடப்பட்டிருந்ததால், பொட்டின் நிழல் தாளில் சிறிதும் பரவாமல் விழுந்தது. ஒன்பதாம் ஆண்டில் கண்ணாடியைக் கழற்றியபோது, பாதத்தையொட்டிச் சாம்பல் வெண்மையாகிப்போன தாமரை இதழ் ஒன்றின் நடுவே, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய வட்டமாக, அசல் ரோஜா நிறம் அப்படியே நின்றது. நெற்றியில் இன்னொரு வட்டம். அதனுள் மட்டும் மாநிறத்தின் வெதுவெதுப்பு, அதைச் சுற்றி நீலம் பாரித்த முகம். மேற்புறம், சந்தனச் சீவல் மாலை ஆண்டு முழுதும் தொங்கிய வளைவில் ஒரு கருஞ்சிவப்புப் பட்டை. அத்தை அந்தத் தாமரை வட்டத்தின் மீது விரலை வைக்கப்போய், வைக்காமல் எடுத்துக்கொண்டு, “இந்தச் சிவப்பா இருந்துது?” என்று மட்டும் கேட்டார். நாள்தோறும் பார்த்தவர்க்கே மாற்றம் தெரியாமல் போகும் அளவுக்கு அது மெதுவாக நடந்திருந்தது.

ஒரு சுவரின் ஒளி நிறத்துக்கு ஏற்றதா என்பதை, படத்தைப் பலிகொடுக்காமல் அறியவும் இந்நிழலே வழிகாட்டியது. கடைகளில் கிடைக்கும் மலிவான ரோஜா நிறத் தாளிலிருந்து ஒரு கீற்று வெட்டி, அதன் பாதியைக் கருப்பு அட்டையால் மூடி, படம் மாட்ட எண்ணும் இடத்தில் ஒட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்து அட்டையை நீக்கிப் பார்த்தால், இரு பாதிகளுக்கும் இடையே கோடு தெரிகிறதா இல்லையா என்பது அவ்விடத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் பதினோராம் நாளே கோடு தெரிந்தது. படுக்கையறைகளுக்குச் செல்லும் உள்நடையில், நிலைக்கு மேலே, மூன்று மாதமாகியும் தெரியவில்லை. படம் இப்போது அங்கே, முன்சாய்வோடு தொங்குகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி பயனுள்ளதே. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரைச் சாதாரணச் சன்னல் கண்ணாடி பெருமளவு உள்ளே விட்டுவிடுகிறது. எனினும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை வெளுக்கச் செய்வதால், கண்ணாடியை மாற்றிவிட்டு இடத்தை மாற்றாமல் விடுவதில் பொருளில்லை. கூடத்தில் இலக்குமி இருந்தாக வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினால் அவ்விருப்பத்தை மறுக்கலாகாது. அசலைப் படமெடுத்து நல்ல பிரதி ஒன்று செய்து கூடத்தில் மாட்டி, பூவும் பொட்டும் அதற்கு வைக்கலாம். இவ்வீட்டில் இரண்டு வெள்ளிக்கிழமைகள் தயங்கிய பின் அத்தை அதனை ஏற்றுக்கொண்டார்.

வெளுத்த நிறம் திரும்புவதில்லை. தூசியையும் கறையையும் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநர் நீக்கலாம், தாளைப் பலப்படுத்தலாம், சிதைந்த மூலக்கூறைத் திரும்பக் கட்ட யாராலும் ஆகாது. மேலே வண்ணம் பூசிப் புதுப்பித்துத் தருவதாக முன்வருவோரிடம் இத்தகைய படத்தைக் கொடுத்துவிடக் கூடாது. அவர்கள் பூசுவது எஞ்சியிருக்கும் சிறிதளவையும் மறைத்துவிடும். மறுசட்டம் இடுகையில் செய்யத்தக்கவை சில: தாளைப் பழுப்பாக்கும் பழைய பின்பலகையை நீக்கி அமிலமற்ற அட்டை வைத்தல், தாள் கண்ணாடியைத் தொடாதபடி ஓர் இடைச்சட்டம் கொடுத்தல், மக்கிப்போன பசையைத் தேடிவரும் இராமபாணப் பூச்சி நுழையாதபடி பின்புற விளிம்பைத் தாள்பட்டையால் ஒட்டி மூடுதல்.

இவ்வேலைக்காகப் படம் சென்ற பிரேம் கடையில், மேசையின் மீது தாளை விரித்து வைத்து அளவெடுத்தவர், “ஓரமெல்லாம் வேற கலரா இருக்குங்க, சுத்தி அரை இஞ்ச் வெட்டிட்டா ஒரே சீரா வந்துடும்” என்றார். அவர் கூறியது தொழில் நோக்கில் தவறன்று. நான்கு பக்கமும் சட்டத்தின் பள்ளத்துக்குள் மறைந்திருந்த அந்த அரை அங்குலத்தில்தான், அச்சாகி வந்த நாளின் வானமும், குளத்து நீரின் பச்சையும், இடப்பக்க விளிம்பில் ஒரு தாமரை இதழின் நுனியும் வெளிச்சம் படாமல் தப்பியிருந்தன. வெட்ட வேண்டாம் என்று சொல்லி, அளவுகோலும் தேதியெழுதிய துண்டுத்தாளும் பக்கத்தில் வைத்து அந்த நான்கு ஓரங்களும் நிழற்படம் எடுக்கப்பட்டன. புதிய சட்டம் முன்னதைவிட அகலமாக, அவ்வோரத்தை மீண்டும் முழுதாக மூடும்படி செய்யப்பட்டது.